காலண்டரில் கடவுளைக் காட்டியவர்! ஓவியர் கொண்டையராஜுவின் வாழ்க்கை

ஏழை வீடு, பணக்காரர் வீடு என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கிய படங்கள் சில உண்டு. மீனாட்சி கல்யாணம் அவற்றில் ஒன்று.

நடுவில் வெட்கத்தோடு தலை சாய்த்து நிற்கிறாள் மீனாட்சி. ஒரு பக்கம் சொக்கநாதர். மறு பக்கம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால். கல்யாண வீட்டுக்குள் நாமே நுழைந்துவிட்டது போல இருக்கும்.

இன்னொரு படம் கஜலட்சுமி. தாமரையில் தேவி. இரு புறமும் யானைகள். கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே அந்தப் படம் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று நம்பிய முதலாளிகள் எத்தனையோ பேர்!

இந்தப் படங்களை எழுதிப் புகழ் பெற்றவர் சி. கொண்டையராஜு. கரிசல் சீமையின் கோவில்பட்டியில் உட்கார்ந்து அவர் எழுதினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை லட்சக்கணக்கில் அச்சடித்தன. கடல் கடந்த தமிழர்களின் சுவருக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

அவருக்குப் பின்னால் எந்த ராஜாவும் இல்லை. எந்த சர்க்காரும் இல்லை. அப்படியானால் அவருக்குச் சோறு போட்டது யார்?

மயிலாப்பூர்ப் பையன்

கொண்டையராஜு 1898ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார்.

அந்தக் காலத்தில் சித்திரக்காரன் பிழைக்க வேண்டுமானால் அரண்மனை வாசலில்தான் நிற்க வேண்டும். மதுரையைச் சேர்ந்த அளகிரி நாயுடு என்ற ஓவியர் திருவனந்தபுரத்துக்குப் போய், சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரண்மனையில் படம் எழுதினார். ரவிவர்மாவும் திருவாங்கூர் மகாராஜாவின் ஆதரவில் வளர்ந்தவர்தான்.

ஆனால் ரவிவர்மா ஒரு புதிய காரியம் செய்தார். 1894ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் வைத்தார். அரண்மனையில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறிக் கடைத் தெருவுக்கு வந்தார்கள். கோவிலுக்குள் நுழைய முடியாதவர்களின் குடிசைக்கும் சாமி போனது. ரவிவர்மா 1906ஆம் ஆண்டு காலமானபோது கொண்டையராஜுவுக்கு வயது எட்டுகூட நிறையவில்லை.

சென்னை எழும்பூரில் ஓர் ஓவியப் பள்ளி இருந்தது. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது அது. பிறகு சர்க்கார் பள்ளியாக மாறியது. கொண்டையராஜு அங்கே சேர்ந்து முறையாகப் படித்தார். எதிரே இருப்பதை இருக்கிறபடியே எழுதுவது, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே படுகிறது என்று பார்ப்பது, தூரத்தில் இருப்பதைச் சிறியதாகக் காட்டுவது எல்லாம் அங்கே கற்ற வித்தை.

பள்ளி வித்தையைக் கொடுத்தது. வேலையைக் கொடுக்கவில்லை!

துறவியும் திரைச்சீலையும்

இளம் வயதிலேயே கொண்டையராஜுவின் மனம் ஆன்மிகத்தின் பக்கம் திரும்பியது. திருவண்ணாமலைக்குப் போனார். ரமணர் ஆசிரமத்தில் தங்கினார். ரமணரைப் படமாகவும் எழுதினார். அவர் கடைசி வரை கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

சந்நியாசியாகவே இருந்துவிட வேண்டியவர் போலத் தோன்றிய அந்த மனிதர், பிறகு போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? நாடகக் கம்பெனி!

சினிமா வருவதற்கு முன்னால் நாடகக் கம்பெனிதான் ஜனங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஊர் ஊராகக் கொட்டகை போடுவார்கள். நடிகர்களுக்கு எவ்வளவு பேர் உண்டோ, அவ்வளவு பேர் சீன்களுக்கும் உண்டு. தர்பார் சீன், காடு சீன், தெரு சீன், நந்தவனம் சீன், கைலாசம் சீன் என்று பிரமாண்டமான திரைச்சீலைகள் தொங்கும். திரை சுருண்டு மேலே போனதும் கொட்டகை முழுவதும் கை தட்ட வேண்டும். அப்படி எழுதுகிறவன்தான் நல்ல சீன் பெயிண்டர்.

கொண்டையராஜு அந்த வேலையைச் செய்தார். பள்ளியில் கற்றது கையைப் பழக்கியது என்றால், கொட்டகையில் கற்றது கண்ணைப் பழக்கியது. பத்தாவது வரிசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் படம் புரிய வேண்டும். முகம் நம்மைப் பார்க்க வேண்டும். நகை மின்ன வேண்டும். பின்னால் தூண், திரை, மேகம், மாளிகை எல்லாம் நிறைந்து இருக்க வேண்டும்.

அவருடைய காலண்டர் படங்களைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். தெய்வங்கள் மேடையில் நிற்பது போலவே நிற்கும். நாடகம் முடிந்து திரை விழுவதற்கு முன் எல்லாப் பாத்திரங்களும் சபையைப் பார்த்து ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார்கள் அல்லவா? அதே காட்சிதான்.

1931ஆம் ஆண்டு தமிழ்ப் பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கொண்டையராஜு இருந்த கம்பெனியும் 1940களின் ஆரம்பத்தில் கோவில்பட்டியில் கலைந்து போயிற்று. நடிகர்கள் அவரவர் வழியே போனார்கள். கொண்டையராஜு போகவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.

மழை இல்லாத ஊரின் அதிர்ஷ்டம்

கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாகப் போனால் சிவகாசி. அதற்கு அந்தப் பக்கம் விருதுநகர். இந்தப் பகுதியில் மழை குறைவு. விவசாயி வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனான்.

ஆனால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வறண்ட காற்றுதான் வேண்டும். அச்சடித்த காகிதம் காய்வதற்கும் அதே காற்றுதான் வேண்டும். பயிரைக் கெடுத்த வெயில் தொழிலை வளர்த்தது!

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி என்றால் அதன் மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும். எழுத்துப் படிக்கத் தெரியாதவன் கடையில் போய் அணில் படம் போட்டது கொடு, சேவல் படம் போட்டது கொடு என்றுதான் கேட்பான். படம்தான் பெயர், படம்தான் முத்திரை. 1940ஆம் ஆண்டுக்குப் பிறகு பட்டாசுத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்கும் லேபிள் வேண்டியிருந்தது.

லேபிளை எவ்வளவு நாள் வெளியூரில் அச்சடித்து வாங்குவது? சிவகாசியிலேயே கல் அச்சு வந்தது.

கல் அச்சு என்றால் எழுத்துக் கோக்கும் அச்சு அல்ல. வழவழப்பாகத் தேய்த்த கல்லின் மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் படத்தை எழுத வேண்டும். பிறகு கல்லை ஈரமாக்கி, அச்சு மையை உருட்டினால், மை பசையுள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல்! ஒரே காகிதம் எல்லாக் கல்லின் மேலும் ஏறி இறங்க வேண்டும். மயிரிழை விலகினாலும் அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்.

இவ்வளவு திறமை கையில் வந்த பிறகு அச்சகக்காரர்கள் லேபிளோடு நிற்பார்களா? காலண்டர் பிறந்தது.

காலண்டர் வியாபாரத்தின் சூட்சுமம் எளிதானது. மேலே சாமி படம். கீழே கடையின் பெயர். அதற்கும் கீழே தினம் ஒன்றாகக் கிழிக்கும் தேதித்தாள். விருதுநகரில் மிளகாய், பருப்பு, எண்ணெய் வியாபாரம் செய்பவர் அதை வாங்கித் தம் வாடிக்கைக்காரர்களுக்கு இனாமாகக் கொடுப்பார். வாடிக்கைக்காரர் வருஷம் முழுவதும் கடையின் பெயரைச் சுவரில் வைத்திருப்பார். வருஷம் முடிந்ததும் தேதித்தாள் தீர்ந்துவிடும். படத்தைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? கடைப் பெயரை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிடுவார்கள்.

ஆகவே அச்சகக்காரருக்கு வேண்டியது, வெட்டி எறிய மனம் வராத படம். அதை எழுதக் கூடியவர் பக்கத்து ஊரிலேயே இருந்தார்!

தேவி ஆர்ட் ஸ்டூடியோ

1940களில் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவானது. கொண்டையராஜுவைச் சுற்றி இளைஞர்கள் கூடினார்கள். டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், ஜி. செண்பகராமன் என்று பின்னாளில் பேர் எடுத்த காலண்டர் ஓவியர்கள் அவருடைய சீடர்கள்.

அங்கே நடந்தது பள்ளிக்கூடப் படிப்பு அல்ல. பழைய குருகுல முறை. குரு எழுதுவதைப் பார்க்க வேண்டும். வர்ணம் குழைத்துக் கொடுக்க வேண்டும். பிறகு திரைச்சீலையின் மடிப்பு, மயிலின் தோகை, மாலையின் பூ என்று பின்னணியில் கை வைக்க வேண்டும். முகம் எழுதும் நாள் கடைசியில்தான் வரும்.

கொண்டையராஜுவின் குணம் தெரிவது இந்த இடத்தில்தான். சீடனோடு சேர்ந்து எழுதிய படத்தில் தம் பெயரோடு சீடனின் பெயரையும் சேர்த்தே போடச் செய்தார். கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு பெயர் சேர்ந்த படங்கள் வந்தன. கொண்டையராஜு, ராமலிங்கம் என்றும் வந்தன. ஓவிய உலகத்தில் இது அபூர்வம். சீடன் உழைக்க, குரு கையெழுத்துப் போடுவதுதான் பல இடங்களில் வழக்கம். குருவின் பெயர் பக்கத்தில் இருந்ததால் அச்சகக்காரர்களுக்குச் சீடன் மேல் நம்பிக்கை பிறந்தது. பிறகு அவன் தனியே எழுதினாலும் வாங்கிக் கொண்டார்கள். ஒரு மனிதரின் கையெழுத்து பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிய வைத்தது.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பெரிய குறையும் உண்டு. அச்சகம் படத்தை ஒரே விலைக்கு வாங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை லட்சம் அச்சடித்தாலும், எத்தனை வருஷம் அச்சடித்தாலும் எழுதியவனுக்குப் பங்கு கிடையாது. மூலப் படமும் அவனுக்குத் திரும்பாது. அச்சுக்குப் பயன்பட்ட பிறகு அதன் கதி என்ன என்று கேட்பாரும் குறைவு. இன்னொரு ஊரில் ஒருவர் பார்த்து அப்படியே எழுதி விற்றால் தடுப்பாரும் குறைவு. பாடகனுக்கு இசைத்தட்டில் பங்கு உண்டு, எழுத்தாளனுக்குப் புத்தகத்தில் பங்கு உண்டு. காலண்டர் ஓவியனுக்கு மட்டும் அது இல்லாமல் போனது நியாயமே அல்ல.

சர்க்கார் கண் திறந்தது

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, ராஜாக்கள் போய்விட்டார்கள், இனி ஓவியனை ஆதரிப்பது யார் என்ற கேள்வி டில்லியில் எழுந்தது. 1954ஆம் ஆண்டு தேசிய நவீன ஓவியக் கூடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் லலித் கலா அகாடமி தொடங்கியது. அதன் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. கொண்டையராஜு படித்த அதே சென்னை ஓவியப் பள்ளிக்கு அப்போது அவர்தான் முதல்வர்!

அண்டை நாடுகளிலும் இதே முயற்சிதான். பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியாக இருந்த டாக்காவில் ஜைனுல் ஆபிதீன் 1948ஆம் ஆண்டு ஓவியப் பள்ளி தொடங்கினார். கொழும்பில் 1943ஆம் ஆண்டே இளம் ஓவியர்கள் கூடி ஒரு குழு அமைத்திருந்தார்கள். 1952ஆம் ஆண்டு இலங்கை சர்க்கார் சட்டம் போட்டுக் கலைக்கழகம் ஏற்படுத்தியது. நாடுகள் தங்கள் ஓவியங்களைப் பரிமாறிக் கொண்டன. 1968ஆம் ஆண்டு டில்லியில் லலித் கலா அகாடமி நடத்திய உலகக் கண்காட்சிக்குப் பல நாட்டு ஓவியங்கள் வந்தன. 1981ஆம் ஆண்டு டாக்காவில் ஆசிய ஓவியக் கண்காட்சி தொடங்கியது.

எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த வாசல் எதுவும் காலண்டர் ஓவியனுக்குத் திறக்கவில்லை. கண்காட்சிக்கு உகந்தது ஒரு வகை, கடைக்கு உகந்தது இன்னொரு வகை என்று பிரித்துவிட்டார்கள். படித்தவர்கள் ஒரு படத்தை மட்டம் தட்ட வேண்டுமானால் காலண்டர் படம் என்று சொன்னால் போதும் என்ற நிலை வந்தது.

சர்க்கார் ஆதரவு கண்காட்சி ஓவியனுக்காவது போதுமானதாக இருந்ததா? அதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டு கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாதிக் வேலை செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். பெரிய படிப்புப் படித்த ஓவியனும் கடைசியில் சந்தைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கொண்டையராஜு அந்த வழியில் இருபது வருஷம் முன்னால் போய்விட்டார், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் இல்லாத பிரயாணி

அகாடமிகள் கடிதம் எழுதி, பெட்டி கட்டி, இன்ஷூர் செய்து ஓவியங்களை அயல்நாட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்தபோது, சிவகாசிப் படங்கள் சுருட்டிய காகிதமாகக் கப்பல் ஏறின.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்க் கடைகள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் கடைகள். கடை இருந்தால் வாடிக்கை உண்டு, வாடிக்கை இருந்தால் காலண்டர் உண்டு. முன்பின் அறியாத நாட்டில் தோட்ட வேலைக்குப் போனவனின் லயத்து அறையில், ஊர்க் கோவிலுக்குப் பதிலாக ஒரு காகிதம் இருந்தது. அதன் முன்னால் விளக்கு எரிந்தது.

இந்தப் பிரயாணத்துக்கும் தடைகள் வந்தன. 1962ஆம் ஆண்டு பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. அதன் பிறகு கடைகளை அரசு எடுத்துக் கொண்டது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் திரும்பினார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானது. 1970க்குப் பிறகு இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் அப்போது தடை விழுந்தது. அதனால் ஈழத்து எழுத்தாளர்களும் அச்சகங்களும் தங்கள் காலில் நிற்க முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாட்டின் கலைக்கு வேலி போட்டால் இன்னொரு நாட்டின் கலை துளிர்ப்பது உண்டு. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் படத்துக்காகக் காத்திருந்தவளின் கணக்கு எந்த ஒப்பந்தத்திலும் வரவில்லை.

கடைசி நாட்கள்

கொண்டையராஜு கோவில்பட்டியை விட்டுப் போகவே இல்லை. புகழ் வந்த பிறகும் சென்னையில் குடியேறவில்லை. கல் அச்சு போய், சிவகாசியில் ஆப்செட் யந்திரங்கள் வந்தன. முன்பு ஒரு நாளில் முடிந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. படங்களுக்குப் பசி இன்னும் அதிகமாயிற்று. சீடர்கள் தனித்தனியே எழுதத் தொடங்கினார்கள்.

1975ஆம் ஆண்டு தமிழக அரசு ஓவிய நுண்கலைக் குழுவை ஏற்படுத்தியது. ஓவியர்களுக்கு விருது, கண்காட்சிக்கு உதவி எல்லாம் பிறகு அந்தக் குழுவின் மூலம் வந்தன. ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1976 ஜூலை 27ஆம் தேதி, கொண்டையராஜு காலமானார். அவருக்கு வயது 77.

பிறகுதான் வெளிநாட்டார் தேடி வந்தார்கள்! கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்லிஸ் என்ற ஆராய்ச்சியாளர் கோவில்பட்டி ஓவியர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 2007ஆம் ஆண்டு கஜ்ரி ஜெயின் என்ற அம்மையார் இந்தியக் காலண்டர் படங்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். சிவகாசியும் கோவில்பட்டியும் அந்தப் புத்தகத்தின் மூலம் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. இனாமாகக் கொடுத்த காகிதத்தை இப்போது பழம்பொருள் சேர்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். வியாபாரிகளும் ஏஜெண்டுகளும் ஆல்பத்தைப் புரட்டிப் படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார்கள். இப்போது தூரிகைக்குப் பதில் கம்ப்யூட்டர். வர்ணம் குழைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் தலை சாய்த்த மீனாட்சியையும் தாமரை மேல் லட்சுமியையும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் யானை, பின்னால் தொங்கும் திரை, தூண், மேகம் எல்லாம் பழைய நாடகக் கொட்டகையின் வாசனையோடு இன்னும் வந்து கொண்டிருக்கின்றன.

படத்தின் கீழ் மூலையில் எழுதியவர் பெயர் மட்டும் பல ஆல்பங்களில் இருப்பதில்லை.